சுண்ணாம்பு வைத்த மச்சம்

நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வருடம் எல்லோருக்கும் கையைப் பற்றித்தான் பயம் இருக்கும். ஊசி சரியாக ஏறுமா, மருந்தின் அளவு தவறிவிடுமா, அறுவை அரங்கில் டாக்டர் கேட்டதற்குப் பதிலாக வேறொன்றை நீட்டிவிடுவோமா என்று உள்ளங்கை வேர்க்கும். உங்களுக்கும் வேர்த்திருக்கும். கை தவறினால் பக்கத்தில் நிற்பவர் பிடித்துத் திருத்திவிடுவார். நான் உங்களிடம் சொல்ல நினைப்பது வாயைப் பற்றி. முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். என் கையால் யாருக்கும் பெரிய கெடுதல் நேர்ந்ததாக நினைவில்லை. வாயால் நேர்ந்திருக்கிறது. ஒரே குடும்பத்துக்கு, ஒன்றரை வருடத்துக்குள்.

நான் இருந்தது நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டிய நாற்பது படுக்கை தனியார் ஆஸ்பத்திரி. நிலக்கரிச் சுரங்கத்தின் பர்மனென்ட் ஆட்களுக்குக் கம்பெனி ஆஸ்பத்திரி உண்டு, எங்களிடம் அதிகம் வரமாட்டார்கள். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை செய்கிறவர்களும் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்களும்தான் வருவார்கள். காது மூக்கு தொண்டைக்கு வாரம் இரண்டு நாள் கடலூரிலிருந்து ஒரு டாக்டர் வருவார். வயதானவர். அதிகம் பேசமாட்டார். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். நான் இந்தத் தொழிலில் எதையாவது கற்றேன் என்றால் அதில் பாதி அவர் பேசாமல் நின்ற நேரங்களில் கற்றது.

கலியமூர்த்தி அவரிடம் வந்தபோது வலது காதுக்குக் கீழே, தாடை எலும்பின் ஓரத்தில், எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. ஆறு மாதமாகத் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். நாற்பத்தெட்டு வயது. பக்கத்து ஊரான வடக்குத்துக்காரர். மைன்ஸில் மண் கொட்டும் டம்பர் லாரி பின்னால் வரும்போது ஓரத்தில் நின்று விசில் ஊதி நிறுத்துகிற வேலை. கூட வந்தவர் மனைவி அஞ்சலை. மெலிந்த உடம்பு. கேட்டால் ஒழியப் பேசமாட்டார்.

அந்த இடத்தில் இருப்பது உமிழ்நீர்ச் சுரப்பி. அங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. ஊசி போட்டு உறிஞ்சிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். சாதாரணக் கட்டியாக இருக்கலாம், செல்கள் போதவில்லை, தேவைப்பட்டால் மறுபடி எடுக்கவும் என்று பதில் வந்தது. கலியமூர்த்தி கையைப் பிசைந்தார்.

"இன்னொரு நாளு லீவு கேட்டா ஆள மாத்திடுவாங்க சார். எடுக்கறதுன்னு ஆச்சு, எடுத்துடுங்களேன்."

பெரிய டாக்டர் யோசித்துவிட்டு ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். இரண்டாம் முறை ஊசி போடவில்லை. அது தன் தவறு என்று பின்னால் அவரே சொன்னார். யார்மீதும் சாய்க்கவில்லை.

அந்தச் சுரப்பியின் நடுவில்தான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறது. கண்ணை மூடுவது, சிரிப்பது, உதட்டைக் குவிப்பது எல்லாம் அந்த ஒரு நரம்பின் வேலை. ஆபரேஷனில் அது பலவீனப்படலாம் என்று டாக்டர் அவர்களிடம் சொல்லியிருந்தார். ஒப்புதல் படிவத்திலும் இருந்தது. ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் கையெழுத்து வாங்கப் போனவள் நான். கலியமூர்த்தி பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"சிஸ்டர், விசில் ஊத முடியுமில்ல?"

அன்றைக்கு இன்னும் நான்கு பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. "ஏன் முடியாது? சின்னக் கட்டிதானே. ரெண்டு வாரத்துல ஊதலாம்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் செய்தது தைரியம் சொல்வது என்றுதான் நினைத்தேன். உங்களில் பலரும் இப்போது அப்படித்தான் நினைப்பீர்கள்.

மறுநாள் காலை தோலை ஒதுக்கிச் சுரப்பியைத் திறந்ததும் பெரிய டாக்டரின் கை நின்றது. சாதாரணக் கட்டி வெளுப்பாக, வழுவழுப்பாக இருக்கும். இது கறுப்பு. நாவல்பழத்தைப் பிதுக்கியது மாதிரியான கறுப்பு. அது நரம்பைச் சுற்றிப் பிடித்திருந்தது.

உதவிக்கு நின்ற இளைய டாக்டர் குனிந்து பார்த்தார். "மைன்ஸ் தூசி ஏதாவது உள்ள போயிருக்குமா சார்?"

"தூசி மூச்சுக்குழாய்க்குப் போகும். இங்க வந்து கட்டியா உட்காராது" என்றார் பெரிய டாக்டர். பிறகு மெதுவாக, "மெலனோமாவா இருக்கும்" என்றார்.

தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருகிற புற்றுநோய் அது. நம் ஊர்ப் பக்கம் அபூர்வம். அதுவும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் என்றால் நான் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அதற்குப் பிறகு நடந்த பத்து நிமிடம் எனக்கு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. இளைய டாக்டர் அவசரப்பட்டார். "நரம்போட சேர்த்து மொத்தமா எடுத்துடலாம் சார். திறந்துட்டு விட்டா பரவும். படிவத்துல நரம்பு பத்தி இருக்கே, கையெழுத்து இருக்கு."

மயக்க மருந்து டாக்டரும் அவர் பக்கம் பேசினார். "சுகர் இருக்கற ஆளு. இன்னொரு தடவை மயக்கம் குடுக்கறது எனக்குப் பிடிக்கல. முடிக்கறதுன்னா இப்பவே முடிச்சிடுங்க."

பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், நேத்து கையெழுத்து வாங்கினது நீங்கதானே? என்ன கேட்டார் அவர்?"

ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்த மனிதர் கேட்ட விதத்தில் பொய் சொல்ல வரவில்லை.

"விசில் ஊத முடியுமான்னு கேட்டார் சார். ரெண்டு வாரத்துல ஊதலாம்னு சொல்லிட்டேன்."

முகமூடிக்கு மேலே அவர் கண்கள் ஒரு நொடி மூடித் திறந்தன. "அப்ப அவர் சம்மதிச்சது இதுக்கு இல்ல" என்றார்.

"வெளிய அந்தம்மா இருக்காங்க சார், அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டா..." என்றார் இளையவர்.

"முகம் அவருது. அவர் செத்துப்போகல, தூங்கறார். எழுந்துப்பார்."

சின்னத் துண்டு ஒன்றை மட்டும் பரிசோதனைக்கு எடுத்துவிட்டுத் தையல் போட்டார். அன்றைக்கு அவர் நிறுத்தியது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. எடுத்திருக்க வேண்டும் என்று பிறகு ஒன்றிரண்டு டாக்டர்கள் சொன்னார்கள். அப்படிப் பேச்சு வரும் என்பது அவருக்கு அந்த நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். அரங்கில் இரண்டு பேர் ஒரு பக்கம் தள்ளும்போது கத்தியைக் கீழே வைப்பது, எடுத்து வெட்டுவதைவிடக் கஷ்டம். அதைப் பார்த்தேன் என்று மட்டும் சொல்கிறேன்.

கலியமூர்த்தி மயக்கம் தெளிந்து, கஞ்சி குடித்து, மறுநாள் நிதானமானதும் பெரிய டாக்டரே போய்ப் படுக்கையருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கட்டி நல்ல கட்டி இல்லை என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார். எடுப்பதானால் நரம்பையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்றார். எடுத்தால் வலது பக்க முகம் தொங்கிப்போகும், கண் முழுதாக மூடாது, உதடு குவியாது. ஒன்றையும் குறைக்கவில்லை. என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

கலியமூர்த்தி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ நான் சரிசெய்துவிடுவேன் என்பதுபோல் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பரிசோதனைத் துண்டு சென்னைக்குப் போய்ப் பதில் வந்தது. மெலனோமாதான்.

பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டு விளக்கினார். இந்த நோய் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே பிறப்பது மிகமிக அபூர்வம். பெரும்பாலும் வேறெங்கோ பிறந்து இங்கே வந்து சேரும். தலைத் தோல், முகம், காது, கண், வாயின் உள்பக்கம் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். எங்கும் ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகுதான் சுரப்பியிலேயே பிறந்தது என்று சொல்லலாம். "அதனால தலையிலேர்ந்து கால் வரைக்கும் தேடணும். நகத்தைக்கூட விடக்கூடாது."

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேடினோம். கலியமூர்த்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை சுவரோரம் நின்றார். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சீப்பால் முடியைப் பிரித்துப் பிரித்துக் காட்டினேன். உச்சி, பிடரி, காது மடல், இமை, அண்ணம், ஈறு. வலது நெற்றிப்பொட்டுக்கு மேலே, முடி தொடங்கும் இடத்தில், நகக்கண் அகலத்துக்கு ஒரு தழும்பு தெரிந்தது. வெள்ளையாக, பளபளப்பாக இருந்தது. முடி இல்லை.

"இது என்ன?" என்று டாக்டர் கேட்டார்.

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். அதற்குள் அஞ்சலை சொல்லிவிட்டார்.

"மச்சம் இருந்துதுங்க சார் அங்க. நாந்தான் சுண்ணாம்பும் சோடா உப்பும் கொழச்சு வெச்சு எடுத்தேன். நாலு வருஷம் ஆவுது. பொண்ணு கல்யாணம் வந்துது. போட்டோவுல அசிங்கமா தெரியுமேன்னு..."

"எப்படி இருந்தது மச்சம்?"

"கறுப்பா. மொதல்ல சின்னதா இருந்துது. அப்பறம் பெருசாயிகினே வந்துது. சீப்பு பட்டா ரத்தம் வரும்."

என் கையில் டார்ச் இருந்தது. வாயும் இருந்தது. "ஐயோ, ரத்தம் வந்த மச்சத்தையா எரிச்சீங்க? ஏம்மா, போட்டோவுக்காகவா? அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா இப்ப இது வந்திருக்காதே!"

சொல்லி முடிப்பதற்குள் பெரிய டாக்டர் என் கையிலிருந்து டார்ச்சை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அஞ்சலையின் முகம் மாறவே இல்லை. முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, "தெரியலீங்க" என்று மட்டும் சொன்னார். கலியமூர்த்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் தரையைப் பார்த்தார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மனைவிமேல் கோபம் என்று எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் வராந்தாவில் டாக்டர் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அந்தத் தழும்புதான் காரணம்னு உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்?"

"இல்ல சார். ஆனா, ரத்தம் வந்ததுன்னு..."

"எனக்கும் தெரியாது. இனிமே தெரியவருமான்னும் தெரியாது. நமக்கு ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ணை நீங்க அந்தம்மாவுக்குத் தெரிய வெச்சுட்டீங்க."

கேள்வி கேட்டே ஆக வேண்டும். மச்சம் இருந்ததா, எரித்தீர்களா, சுட்டீர்களா, அறுத்தீர்களா என்று நம் ஊரில் கேட்காமல் விட்டால் அது நம் தவறு. கிடைக்கும் பதிலுக்குத் தீர்ப்பு எழுதுவது நம் வேலை இல்லை. இதை நான் வராந்தாவில் நின்று புரிந்துகொண்டதாக நினைத்தேன். பாதிதான் புரிந்திருந்தது.

நரம்பை எடுக்கலாம் என்று கலியமூர்த்தியே முடிவு செய்தார். பெரிய டாக்டர் இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். அவருக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது. "விசிலு கெடக்குது சார். உசுரு இருந்தா வாட்ச்மேன் வேலையாவது பாத்துகினு கெடப்பேன்." புதுச்சேரிக்கு அனுப்பினோம். அங்கே ஆபரேஷன் நடந்தது. கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். அந்தத் தழும்பையும் வட்டமாக வெட்டிப் பரிசோதித்தார்கள். உடம்பு முழுக்க ஸ்கேன் எடுத்தார்கள். வேறெங்கும் ஒன்றுமில்லை.

தையல் பிரிக்க எங்களிடம் வந்தபோது அவரை அடையாளம் காணக் கொஞ்சம் நேரம் பிடித்தது. வலது கன்னம் இறங்கி, வாய் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் வலது ஓரத்தில் வழியும். அதை அஞ்சலை யாரும் கவனிக்காத மாதிரி துண்டு முனையால் ஒற்றிவிடுவார். தூங்கும்போது கண்ணுக்கு டேப் ஒட்ட வேண்டும். எப்படி ஒட்டுவது என்று அஞ்சலைக்கு நான் கற்றுக்கொடுத்தேன். ஒருமுறை காட்டியதும் அவர் என்னைவிட நன்றாக ஒட்டினார்.

புதுச்சேரிக் காகிதங்களை அன்றைக்கு நான் படித்துப் பார்த்தேன். தழும்பில் புற்றுச் செல் எதுவும் இல்லை, வெறும் தழும்பு. பிறந்த இடம் தெரியவில்லை, சுரப்பியிலேயே பிறந்திருக்கவும் கூடும் என்று எழுதியிருந்தது. என் நெஞ்சிலிருந்து கல் இறங்கியது. அஞ்சலையைத் தனியே கூப்பிட்டேன்.

"பாத்தீங்களாம்மா, அந்தத் தழும்புல ஒண்ணுமே இல்லையாம். உங்களால வந்ததில்ல இது. அன்னிக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்.

"எரிஞ்சு போன எடத்துல என்னா சிஸ்டர் இருக்கும்?"

அவர் கேட்டது சரி. எரித்த இடத்தில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றும் இருந்ததில்லை என்று ஆகாது. படித்த நான் அவரிடம் இரண்டாவது முறையும், தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லியிருந்தேன். முதல் முறை குற்றம் சாட்ட. இந்த முறை என் மனம் லேசாக.

கான்ட்ராக்டில் கலியமூர்த்தியைத் திரும்ப எடுக்கவில்லை. கண் சரியாக மூடாத ஆளைப் புழுதியில் எப்படி நிறுத்துவது என்றார்களாம். கேட்டில் உட்கார்த்திவைப்பதாகச் சொன்ன ஒரு மேஸ்திரியும் பிறகு போனை எடுக்கவில்லை. அஞ்சலை ஒரு முந்திரிக் கம்பெனிக்குப் பருப்பு உடைக்கப் போனார். அவர் பிறந்த வீடு வளையமாதேவி. அண்ணன்மார் மைன்ஸுக்குப் போன நிலத்தின் நஷ்டஈட்டுக்காகக் கலெக்டர் ஆபீஸுக்கும் வக்கீலுக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள். துணைக்கு வர ஆளில்லை. பண்ருட்டியில் கட்டிக்கொடுத்த மகள் சத்யா, மளிகை மொத்தக் கடையில் பில் போடும் பெண், ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்துபோவாள்.

பத்து மாதம் ஓடியது. பிறகு இருமல் வந்தது. நுரையீரலில் வந்துவிட்டது என்றார்கள். புது மருந்துகள் இருக்கின்றன. அவை அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. பெரிய டாக்டர் இரண்டு மூன்று இடங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு இடத்திலிருந்து பதில் வந்தபோது கலியமூர்த்தி எழுந்து உட்காரும் நிலையில் இல்லை.

வலிக்கு ஊசி போட நான் அவர்கள் வீட்டுக்குப் போய்வர ஆரம்பித்தேன். ட்யூட்டி முடிந்து வடக்குத்து வழியாகத்தான் எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அஞ்சலை என்னை வாங்க என்பார், தண்ணீர் கொடுப்பார், ஊசி போட்டதும் வாசல் வரை வருவார். மரியாதையில் ஒரு குறை கிடையாது. அந்த மரியாதைக்கு அப்பால் ஒரு அங்குலம் நுழைய முடியாது.

ஒருநாள் சாயங்காலம் போனபோது அவர் பால் வாங்கப் போயிருந்தார். கலியமூர்த்தி தனியாகப் படுத்திருந்தார். ஊசி போட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். பாதி வாயால் பேசியதை நான் குனிந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"சிஸ்டர், அந்த மச்சம்... அவ வெக்கல."

"வெச்சது அவங்கதானேன்னு..."

"வெச்ச கை அவுளுது. வெக்கச் சொன்னது நானு. ரத்தம் வந்தப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவலாம்னு அழுதா. ரெண்டு தடவ சீட்டு எழுதற எடம் வரைக்கும் இட்டுகினு போனா. கூட்டமா இருக்குதுன்னு நான் திரும்பி வந்துட்டேன். கல்யாணத்துக்கு அஞ்சு நாளு லீவு வேணும், இப்ப போட்டுட்டா அப்ப தர மாட்டான், நீ வெக்கிறியா, நானே பிளேடால அறுத்துக்கவான்னு கேட்டேன். அப்பறந்தான் வெச்சா."

மூச்சு வாங்கினார்.

"நான் சொல்ல வந்தா வாய மூடுறா. போட்டோவுக்குத்தான் வெச்சேன், அப்பிடியே இருக்கட்டும்ன்றா. நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க, அவ மேல தப்பு இல்லன்னு."

சொல்கிறேன் என்றேன். அஞ்சலை வந்தார். பால் பாத்திரத்தை அடுப்படியில் வைத்துவிட்டு, நிலைப்படியில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னவோ பேசியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் கண்ணெதிரே, அவர் கேட்க, "உங்க மேல தப்பு இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொல்றார்" என்று ஒரு வரி. ஆனால் இரண்டு முறை அஞ்சலைக்கு என் வாய் செய்ததை நினைத்து, மூன்றாம் முறை திறக்கப் பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம், தனியாகச் சொல்லலாம் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பேசக் கூடாத இடத்தில் பேசியதைவிட, பேச வேண்டிய இடத்தில் பேசாமல் வந்தது எனக்கு இன்றைக்கு அதிகமாக வலிக்கிறது.

மறுநாளிலிருந்து அவருக்கு முழு நினைவு இல்லை. ஆறாம் நாள் காலையில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போனேன். அஞ்சலை வாசல் பக்கம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சத்யா வந்திருந்தாள், உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவரை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணவர் சொன்னது, நான் சொல்லாமல் போனது எல்லாம். அவர் முறத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்று கேட்டார். ஆச்சரியப்படவில்லை.

"எல்லாம் தெரியும் சிஸ்டர். எனுக்குத் தெரியாததா?"

"அப்ப ஏம்மா அன்னிக்குச் சொல்லல? நான் அந்தப் பேச்சுப் பேசினேனே, நான் ஆஸ்பத்திரிக்குத்தான் கூப்புட்டேன், இவர்தான் வரலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவரு அங்கதான உக்காந்துகினு இருந்தாரு. நோவு அவருக்கு வந்துருக்குது. உன்னாலதான்யா உனக்கு வந்துதுன்னு அவரு காதுல வுழற மாதிரி நான் எப்பிடி சொல்லுவேன்?"

அந்த அறையில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். இரண்டு பேர் படித்தவர்கள். டார்ச் என் கையில் இருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருப்பவர் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நினைவிருந்தவர் அஞ்சலை மட்டும்தான். அதுவும் டாக்டர் கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே கிடைத்த ஒரு நொடியில். கணவர் வாயைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு, தன்னை அற்பமாகக் காட்டுகிற ஒரு காரணத்தையும் தேடிப்பிடித்து, பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். அந்தத் தலையில்தான் நான் அடித்தேன்.

"அப்பறமாவது எங்கிட்டத் தனியா சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்ட சொல்லி? உங்க மனசு ஆறவா சிஸ்டர்?"

கோபம் இல்லாமல்தான் கேட்டார். முறத்தை மரத்தில் சாய்த்து வைத்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"வந்ததுக்கு ஒரு ஒதவி பண்ணுங்க. சத்யா முதுகுல ஒண்ணு இருக்குது. சின்ன வயசுலேர்ந்து இருக்கறதுதான். இப்ப எனுக்குப் பாக்கப் பாக்க பெருசாவுற மாதிரி இருக்குது. பாத்து சொல்லுங்க. எதா இருந்தாலும் அவ எதுருல ஒண்ணும் பேசாதீங்க. வெளியில வந்து எங்கிட்ட சொல்லுங்க."

உள்ளே போய்ப் பார்த்தேன். வலது தோள்பட்டைக்குக் கீழே, பழுப்பாக, மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மச்சம். என் கண்ணுக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. முப்பது வருட அனுபவம், ஒண்ணுமில்லம்மா பயப்படாதீங்க என்று சொல்லச் சொன்னது. சத்யா கழுத்தைத் திருப்பி, "என்னா சிஸ்டர்?" என்று கேட்டாள். அவள் குரலிலும் பயம் இருந்தது. அப்பாவின் முகத்தைக் கடைசிவரை பார்த்த பெண் அவள்.

"எனக்குப் பார்த்துச் சொல்லத் தெரியாதும்மா. நாளைக்கு டாக்டர் வர்ற நாள். வந்து காட்டு. அவர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பட்டும்" என்றேன். வெளியே வந்து அஞ்சலையிடமும் அதையேதான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

மறுநாள் ஓ.பி. திறப்பதற்கு முன்பே இருவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சத்தை எடுத்து அனுப்பினோம். பத்து நாள் கழித்து அறிக்கை வந்தது. வெறும் மச்சம். பெரிய டாக்டர் அன்றைக்கு வரவில்லை. போனில் கேட்டேன், நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார். காகிதத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுக்குப் போனேன். ஒன்றுமில்லை, சாதாரண மச்சம்தான் என்று இருவரிடமும் சொன்னேன்.

அஞ்சலை தலையாட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அந்தக் காகிதத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார்.

"நீ படிடி" என்றார்.